520ஐ-யா, இ200-ஆ? சிங்கப்பூரில் விலைப்பட்டியலை எப்படிப் படிப்பது

பிஎம்டபிள்யூ 520ஐ, மெர்சிடிஸ் இ200. இரண்டுமே ஜெர்மன் நிறுவனங்களின் கார்கள். இரண்டின் இப்போதைய தலைமுறையும் 2023இல் வெளியானது. இரண்டிலும் 2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின். இவ்வளவு ஒற்றுமை இருந்தும், சிங்கப்பூரில் இவற்றின் விலையை அருகருகே வைத்துப் பார்ப்பவருக்குத் தலை சுற்றுகிறது. இந்த வாரம் ஒன்று மலிவாகத் தெரிகிறது, இரண்டு வாரம் கழித்து மற்றது. அதிகாரபூர்வ விநியோகிப்பாளர் ஒரு விலை சொல்கிறார், உற்பத்தியாளரின் முகவராக இல்லாமல் வெளிநாட்டிலிருந்து தாமே கார் கொண்டுவரும் இணை இறக்குமதியாளர் அதே பெயருள்ள காருக்கு வேறு விலை சொல்கிறார். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் ஒரு தொகையும், கீழே சின்ன எழுத்தில் நாலு நிபந்தனைகளும் இருக்கின்றன.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் கார் இல்லை. ஓட்டும் திறனில் இவை இரண்டுக்கும் உள்ள இடைவெளி சிறியது. வரியிலும் ஒப்பந்தத்திலும் உள்ள இடைவெளிதான் பெரியது. அதனால் எஞ்சினை அப்புறம் பார்ப்போம், முதலில் விலையைப் பிரித்துப் பார்ப்போம்.

## விலைக்குள் என்னென்ன இருக்கின்றன

1. ஓஎம்வி. இது காரின் பொதுச் சந்தை மதிப்பு. உற்பத்தியாளருக்குக் கொடுத்த விலை, கப்பல் கட்டணம், காப்புறுதி என்று கார் சிங்கப்பூர் வந்து சேரும்வரை ஆன செலவு எல்லாம் இதில் அடங்கும். இதை மதிப்பிடுவது சிங்கப்பூர் சுங்கத்துறை, விற்பனையாளர் அல்ல.

2. கலால் வரி. ஓஎம்வியில் 20 விழுக்காடு.

3. பொருள் சேவை வரி. ஓஎம்வியையும் கலால் வரியையும் கூட்டி, அந்தத் தொகையில் 9 விழுக்காடு.

4. ஏஆர்எஃப் என்னும் கூடுதல் பதிவுக் கட்டணம். விலையை உண்மையில் உயர்த்துவது இதுதான். 2023 பிப்ரவரியில் வந்த விகிதப்படி, ஓஎம்வியின் முதல் 20,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) 100 விழுக்காடு, அடுத்த 20,000க்கு 140, அதற்கடுத்த 20,000க்கு 190, அதற்கும் அடுத்த 20,000க்கு 250, 80,000 வெள்ளிக்கு மேல் போகும் பகுதிக்கு 320 விழுக்காடு.

5. சிஓஇ என்னும் வாகன உரிமைச் சான்றிதழ். 1990இல் தொடங்கிய இந்த முறையில், மாதம் இருமுறை நடக்கும் ஏலத்தில் 10 ஆண்டுக்கான உரிமையை வாங்குகிறோம்.

இவற்றோடு 350 வெள்ளி பதிவுக் கட்டணம் இருக்கிறது. புகை வெளியீட்டைப் பொறுத்துக் கழிவோ கூடுதல் கட்டணமோ தரும் விஇஎஸ் திட்டமும் உண்டு. ஒரே எஞ்சின் அளவுள்ள இரண்டு கார்கள் வெவ்வேறு விஇஎஸ் பிரிவில் விழுந்தால் அதுவே விலையில் ஆயிரக்கணக்கில் வித்தியாசம் காட்டும். நீங்கள் வாங்கப்போகும் காருக்கு எந்தப் பிரிவு என்று கேட்டு வாங்குங்கள். இத்தனைக்கும் மேல் நிற்பதுதான் விற்பனையாளரின் லாபம். பேரம் பேச இடம் இருப்பது அந்தக் கடைசித் துண்டில் மட்டுமே.

## பத்தாயிரம் எப்படி முப்பத்தெட்டாயிரம் ஆகிறது

ஏஆர்எஃப் படிக்கட்டு மாதிரி ஏறுவதால் என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கீழே உள்ள ஓஎம்வியும் சிஓஇயும் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் காருக்கு உரிய எண்களை அதே இடத்தில் வைத்துப் பாருங்கள்.

முதல் காரின் ஓஎம்வி 60,000 வெள்ளி என்று கொள்வோம். கலால் வரி 12,000. பொருள் சேவை வரி 6,480. ஏஆர்எஃப் 20,000 + 28,000 + 38,000, ஆக 86,000. சிஓஇ 120,000. பதிவுக் கட்டணம் 350. கூட்டினால் 284,830 வெள்ளி.

இரண்டாவது காரின் ஓஎம்வி 70,000. கலால் வரி 14,000. பொருள் சேவை வரி 7,560. ஏஆர்எஃப் 86,000உடன் கடைசிப் பத்தாயிரத்துக்கான 25,000 சேர்ந்து 111,000. சிஓஇ அதே 120,000. பதிவுக் கட்டணம் 350. மொத்தம் 322,910 வெள்ளி.

ஐரோப்பாவில் 10,000 வெள்ளி வித்தியாசமாக இருந்தது இங்கே வந்ததும் 38,080 வெள்ளி ஆகிவிட்டது. விற்பனையாளர் ஒரு காசு கூடுதலாக வைக்கவில்லை, எல்லாம் வரி. ஓஎம்வி 80,000க்கு மேல் போகும் கார்களில் இந்தப் பெருக்கம் இன்னும் கடுமை: அங்கே கூடும் ஒவ்வொரு 10,000க்கும் ஏஆர்எஃப் மட்டுமே 32,000.

தொழிற்சாலையிலேயே பொருத்தி வரும் கூடுதல் வசதிகளை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். காற்று சஸ்பென்ஷன், பின்சக்கரத் திருப்பம், உயர்ரக ஒலிபெருக்கி போன்றவை ஓஎம்விக்குள் சேரும்போது அவற்றுக்கும் இதே பெருக்கல்தான். ஒரு காரில் அவை இருந்து மற்றதில் இல்லையென்றால், 'இது விலை கூடிய கார், அது மலிவான கார்' என்று சொல்வது சரியான ஒப்பீடு ஆகாது. இரண்டு வெவ்வேறு வசதிப் பட்டியல்களைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

## திரும்பி வரும் பணமும் வராத பணமும்

10 ஆண்டுக்குள் காரைப் பதிவுநீக்கம் செய்தால், கட்டிய ஏஆர்எஃப்பில் ஒரு பங்கு பார்ஃப் கழிவாகத் திரும்பும். 'ஓஎம்வி கூடினால் என்ன, கடைசியில் பார்ஃப் அதிகமாக வருமே' என்று விற்பனைக் கூடத்தில் சொல்லக் கேட்கலாம். இதில் பாதிதான் உண்மை.

2023 பிப்ரவரி முதல் 2026 பிப்ரவரி வரை எடுத்த சிஓஇகளுக்குப் பொருந்திய அட்டவணையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பத்தாவது ஆண்டில் ஏஆர்எஃப்பில் 50 விழுக்காடு திரும்பும், ஆனால் 60,000 வெள்ளிக்கு மேல் கிடைக்காது. அந்தக் கணக்கில் முதல் காருக்கு 43,000 வெள்ளியும் இரண்டாவதற்கு 55,500 வெள்ளியும் வரும். கூடுதலாகக் கட்டிய 38,080இல் 12,500 திரும்பிவிட்டது. மீதி 25,580 வெள்ளி போனது போனதுதான். ஆண்டுக்கு ஏறக்குறைய 2,560 வெள்ளி. ஓஎம்வி 80,000 உள்ள காருக்கு ஏஆர்எஃப் 136,000. அதில் பாதி 68,000 என்றாலும் கைக்கு வருவது 60,000தான்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2023க்கு முன் இந்த உச்சவரம்பே இருந்ததில்லை. வரவுசெலவுத் திட்டத்தில் இந்த விதிகள் மாறும். எந்த ஏலச் சுற்றில் எடுத்த சிஓஇயைக் கொண்டு உங்கள் கார் பதிவாகிறதோ, அதை வைத்தே எந்த அட்டவணை என்பது முடிவாகும். நண்பர் மூன்று ஆண்டுக்கு முன் வாங்கிய காரின் கணக்கை உங்கள் காருக்குப் பொருத்தாதீர்கள். விற்பனையாளரிடம் நடப்பு அட்டவணையைக் கேட்டு, பத்தாம் ஆண்டு முடிவில் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கழிவு விகிதம் குறையக் குறைய, ஓஎம்வி வித்தியாசம் முழுக்க முழுக்கச் செலவாகவே மாறுகிறது. ஓஎம்வி கூடிய காரை 'பணம் எங்கேயும் போகாது' என்று நியாயப்படுத்தும் வாதமும் அந்த அளவுக்கு வலுவிழக்கிறது.

ஆகவே இரண்டு கார்களையும் ஒரே கோலால் அளக்க ஆண்டுத் தேய்மானத்தைப் பயன்படுத்துங்கள். வாங்கிய மொத்த விலையிலிருந்து பத்தாம் ஆண்டு பார்ஃபைக் கழித்து, பத்தால் வகுத்தால் அது கிடைத்துவிடும். விளம்பர விலையை ஒப்பிடுவதைவிட இது எவ்வளவோ நேர்மையான எண்.

## சிஓஇ ஒன்றுதான், ஒப்பந்தம் ஒன்றல்ல

1,600 சிசிக்கு மேலோ 97 கிலோவாட்டுக்கு மேலோ உள்ள பெட்ரோல் கார்கள் எல்லாம் பி பிரிவு. 520ஐ, இ200 இரண்டும் இரு வரம்புகளையும் தாண்டுபவை என்பதால் ஒரே சுற்றில் ஒரே சிஓஇ விலைதான். 2023 அக்டோபரில் பி பிரிவு 150,001 வெள்ளியைத் தொட்டது நினைவிருக்கும். விலை அப்படி ஏறி இறங்கும்போது இரண்டு கார்களும் சேர்ந்தே ஏறி இறங்க வேண்டும். ஆனாலும் விளம்பரத்தில் அப்படி நடப்பதில்லை. ஒவ்வொரு கடையும் சிஓஇயை வெவ்வேறு விதமாக விலைக்குள் வைப்பதுதான் காரணம்.

உறுதியளிக்கப்பட்ட சிஓஇ என்றால், ஏலத்தில் விலை ஏறினாலும் கூடுதல் பணம் கேட்காமல் சிஓஇ எடுத்துத் தருவது விற்பனையாளரின் பொறுப்பு. அந்த அபாயத்துக்கான தொகையை அவர் விலையிலேயே சேர்த்திருப்பார். உறுதியளிக்கப்படாதது என்றால், ஒப்பந்தத்தில் சொன்ன சில ஏலச் சுற்றுகளில் உங்கள் சார்பில் முயல்வார். கிடைக்காவிட்டால் நீங்கள் பணம் கூட்ட வேண்டும், இல்லை முன்பணத்தைத் திரும்பப் பெற்று விலக வேண்டும். ஒரு காரை முதல் வகையிலும் மற்றதை இரண்டாம் வகையிலும் விலை கேட்டுவிட்டு ஒப்பிட்டால் முடிவு நிச்சயம் தவறாகப் போகும்.

அடுத்தது, பலர் கவனிக்காமல் கையெழுத்துப் போடும் வரி: சிஓஇ கழிவு மட்டம். உங்கள் விலையில் சிஓஇ 120,000 வெள்ளி என்று கணக்கிட்டிருக்கிறார்கள், கழிவு மட்டம் 105,000 என்று எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏலத்தில் 110,000க்குக் கிடைத்துவிட்டது. உங்களுக்குத் திரும்புவது ஒன்றுமில்லை. 105,000க்குக் கீழே இறங்கினால்தான், இறங்கிய அந்தப் பகுதி மட்டும் திரும்பும். நடுவில் உள்ள 15,000 வெள்ளி விற்பனையாளரின் பக்கம். 520ஐ 5,000 வெள்ளி மலிவு என்று தோன்றி, அதன் கழிவு மட்டம் இ200க்குக் கொடுத்ததைவிட 12,000 கீழே இருந்தால், சிஓஇ இறங்கும் காலத்தில் அது மலிவான பேரமாக இருக்காது.

முன்பணம் கட்டுமுன் இந்த நாலையும் தாளில் பாருங்கள்:

1. சிஓஇ உறுதியளிக்கப்பட்டதா இல்லையா, எத்தனை சுற்று, எவ்வளவு காலம்.
2. கழிவு மட்டம் எவ்வளவு.
3. ஓஎம்வி எதிர்பார்த்ததைவிட மாறினால் ஏஆர்எஃப் வித்தியாசத்தை யார் ஏற்பது.
4. கார் குறித்த காலத்தில் வராவிட்டால் முன்பணம் முழுதாகத் திரும்புமா.

மூன்றாவது கேள்வி இணை இறக்குமதியாளரிடம் வாங்குபவர்களுக்கு மிக முக்கியம்.

## இனி கார்கள்

உற்பத்தியாளர்களின் தரவுப்படி 520ஐ 208 குதிரைத்திறன், 330 நியூட்டன் மீட்டர் இழுவிசை, 8 கியர். இ200 எஞ்சின் 204 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர், 9 கியர். மின்மோட்டார் தேவைப்படும்போது 23 குதிரைத்திறன் சேர்த்துத் தரும். இரண்டிலும் 48 வோல்ட் மைல்டு ஹைப்ரிட், அதாவது எஞ்சினுக்குச் சிறு மின்மோட்டார் துணை செய்யும் அமைப்பு. நின்ற நிலையிலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட இரண்டுக்கும் 7.5 விநாடி. நம் விரைவுச்சாலைகளில் உச்சவரம்பு 90 கி.மீ. என்பதால் இந்த எண்களை நெடுநேரம் ஒப்பிட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. சாலை வரியும் அப்படியே: 1,998 சிசிக்கும் 1,999 சிசிக்கும் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,210 வெள்ளி, வித்தியாசம் ஒன்றிரண்டு வெள்ளிதான்.

உண்மையான வித்தியாசம் உடலளவில் தொடங்குகிறது. 520ஐயின் நீளம் 5,060 மி.மீ., அகலம் 1,900 மி.மீ. இ200 4,949 மி.மீ. நீளம், 1,880 மி.மீ. அகலம். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிப்படி ஒரு கார் நிறுத்த இடத்தின் குறைந்தபட்ச நீளம் 4.8 மீட்டர், அகலம் 2.4 மீட்டர். குறைந்தபட்ச அளவுள்ள இடத்தில் நிறுத்தினால் 520ஐ 26 செ.மீ., இ200 15 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் தினமும் தூணோரமாக நிறுத்துபவருக்கு இந்த 11 செ.மீ. ஒவ்வொரு மாலையும் தெரியும். அகலத்திலும், காரை நட்டநடுவில் நிறுத்தினால் பக்கத்துக்கு 25 செ.மீ. மிச்சம். பக்கத்துக் காரும் இதே அளவென்றால் கதவைத் திறந்து இறங்க அரை மீட்டர்தான் இருக்கும். வாங்குமுன் சோதனை ஓட்டத்தில் உங்கள் புளோக் கார் நிறுத்துமிடத்துக்கே கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள். சரிவுப் பாதையின் திருப்பத்தில் ஒரே மூச்சில் திரும்புகிறதா என்று பாருங்கள். தேக்காவில் சிராங்கூன் ரோட்டுப் பக்கத்துச் சந்துகளுக்கு அடிக்கடி போகிறவர் என்றால் அதையும் ஓட்டிப் பார்ப்பது நல்லது. இ200 சேர்ந்த இ கிளாஸ் வரிசையில் பின்சக்கரத் திருப்பம் உள்ள வகை கிடைத்தால் அதன் மதிப்பு அங்கேதான் தெரியும்.

நீளத்துக்கு மறுபக்கமும் உண்டு. 520ஐயின் முன் பின் சக்கரங்களுக்கு இடையில் 2,995 மி.மீ., இ200க்கு 2,961 மி.மீ. உயரத்திலும் 520ஐ சில செ.மீ. கூடுதல். ஒரே உடலில் பெட்ரோல் 520ஐயையும் மின்சார ஐ5 காரையும் தயாரிக்கிறது பிஎம்டபிள்யூ. மெர்சிடிஸ் மின்காருக்கு இகியூஇ என்று தனி உடலே செய்தது. அதனால் இ கிளாஸ் பழைய செடான் மாதிரி தாழ்ந்தே நிற்கிறது.

இது யாருக்கு முக்கியம்? முழங்கால் வலியுள்ள அம்மா பட்டுப்புடவையோடு பின்னிருக்கையில் ஏறும்போது முக்கியம். முதலில் இருக்கையின் விளிம்பில் உட்காருவார், ஒரு கையால் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புவார். அந்த நேரத்தில் இருக்கை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது, கூரை விளிம்பு தலையில் இடிக்கிறதா என்ற மூன்றும்தான் காரின் தரம். அவரையே விற்பனைக் கூடத்துக்கு அழைத்துப்போய் இரண்டிலும் ஏறி இறங்கச் சொல்லுங்கள். எந்தக் காணொளி விமர்சனமும் இதைச் சொல்லித் தராது. இரண்டு கார்களிலும் பின்னிருக்கையின் நடுவே தரை மேடாக எழும்பி நிற்கும், பின்சக்கரங்களுக்கு விசை கடத்தும் தண்டு அதன் கீழே ஓடுகிறது. நடுவில் உட்காருபவர் காலைப் பிரித்து வைத்துத்தான் வர வேண்டும். ஐந்து பேராக அடிக்கடி மலாக்காவுக்கோ கோலாலம்பூருக்கோ போகும் குடும்பத்துக்கு இரண்டுமே உகந்தவை அல்ல.

முன்னால் உட்காருபவருக்கு: இரண்டிலும் பெரிய தொடுதிரை. பிஎம்டபிள்யூவில் குளிர்சாதனத்தை மாற்றக்கூடத் திரைக்குத்தான் போக வேண்டும். மெர்சிடிஸில் ஸ்டியரிங் சக்கரத்தில் விரலால் தடவி இயக்கும் பொத்தான்கள். ஈர விரலில் தடுமாறுகின்றனவா என்று நீங்களே பாருங்கள். 520ஐயின் கண்ணாடிக் கூரை திறக்காது. சாமான் அறை 520ஐயில் 520 லிட்டர், இ200இல் 540 லிட்டர். இதை வைத்து முடிவெடுக்கத் தேவையில்லை.

## கடன் எவ்வளவு கிடைக்கும்

ஓஎம்வி 20,000 வெள்ளிக்கு மேல் உள்ள காருக்கு விலையில் 60 விழுக்காடுவரைதான் கடன் கிடைக்கும், அதை 7 ஆண்டுக்குள் கட்டி முடிக்க வேண்டும். இது சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதி. 340,000 வெள்ளிக் காருக்குக் கையிலிருந்து 136,000 வெள்ளி வைத்தாக வேண்டும். மீதி 204,000க்கு ஆண்டுக்கு 2.5 விழுக்காடு நிலை வட்டி என்று கொண்டால், 7 ஆண்டு வட்டி 35,700 வெள்ளி, மாதம் 2,854 வெள்ளி. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் நிலை வட்டி முழு அசலுக்கே போடப்படுகிறது. அதனால் மெய்யான வட்டி ஏறக்குறைய 4.7 விழுக்காடு. முன்கூட்டியே கடனை அடைத்தாலும் எதிர்பார்க்கும் அளவுக்கு வட்டி மிச்சமாகாது. 78 விதி என்னும் கணக்கில் தொடக்க ஆண்டுகளிலேயே வட்டியின் பெரும்பகுதியை எடுத்துவிடுவார்கள். நாலாவது ஆண்டில் மாற்றிவிடலாம் என்ற எண்ணத்தோடு வாங்குபவர்கள் அந்த நாளில் வங்கிக்கு எவ்வளவு பாக்கி இருக்கும் என்பதையும் இன்றே கேட்டுக்கொள்ள வேண்டும். 'நம்மிடமே கடன் எடுத்தால் 5,000 வெள்ளி தள்ளுபடி' என்ற சலுகை பெரும்பாலும் இந்த வட்டிக்குள்ளேயே கரைந்துவிடும்.

## இணை இறக்குமதியும் பழுதும்

இணை இறக்குமதி கார் வேறு நாட்டுச் சந்தைக்காகச் செய்ததாக இருக்கலாம். வசதிப் பட்டியல் மாறும், உத்தரவாதம் தருபவரும் மாறுவார். 48 வோல்ட் பேட்டரி, காற்று சஸ்பென்ஷன் போன்றவை உத்தரவாதக் காலத்துக்குப் பிறகு கையைக் கடிக்கும் பாகங்கள். அவற்றுக்கு எத்தனை ஆண்டு, எந்தப் பட்டறையில் என்பதைக் கேளுங்கள். யாரிடம் வாங்கினாலும், 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த பழுதுப் பொருள் சட்டம் உங்களுக்குப் பொருந்தும்: ஒப்படைத்த 6 மாதத்துக்குள் தெரியவரும் குறை, ஒப்படைக்கும்போதே இருந்ததாகவே கொள்ளப்படும். முதலில் பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ கேட்கலாம், அது நடக்காவிட்டால் விலைக் குறைப்போ பணமோ கேட்கலாம்.

## எதை எடுப்பது

இரண்டின் ஆண்டுத் தேய்மானத்தையும் ஒரே சிஓஇ விலைக்கும் ஒரே வகை ஒப்பந்தத்துக்கும் கொண்டுவந்த பிறகு, வித்தியாசம் ஆண்டுக்கு 2,000 வெள்ளிக்குள் இருந்தால், பணத்தை மறந்துவிட்டு உடம்புக்குப் பொருந்துவதை எடுங்கள். முதியவர்கள் பின்னால் ஏறி இறங்கும் வீட்டுக்கும், உயரமானவர்கள் உள்ள வீட்டுக்கும் 520ஐயின் உயரமும் நீளமும் உதவும். குறுகலான நிறுத்துமிடமும் நகர மையத்து அலைச்சலும் உள்ளவருக்கு இ200 வசதி. ஆண்டுக்கு 4,000 வெள்ளியைத் தாண்டினால் நான் மலிவான பக்கமே நிற்பேன். இந்த இரண்டு கார்களுக்கு இடையில் பத்தாண்டில் 40,000 வெள்ளி பெறுமானமுள்ள வித்தியாசம் எதுவும் இல்லை.